கார் கண்ணாடிக்கு வெளியே ஒரு வெலிங்டோனியா

கேள்வி: 12 நவம்பர் 2023

எம்4 நெடுஞ்சாலையில் ரெடிங்கைத் தாண்டி மேற்கே போகும்போது இடது பக்கம் ஒரு தோப்புக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு ஒரு கூம்பு மரம் தெரிகிறதே, அது என்ன? சுற்றியிருக்கும் மரங்களைப்போல் இரண்டு மடங்கு உயரம். கிறிஸ்துமஸ் மரத்தை யாரோ நட்டுவிட்டு மறந்து போன மாதிரி நிற்கிறது. மனைவி எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். வண்டி ஓட்டத்தில் கலங்கிப் போயிருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

12 நவம்பர் 2023, இரவு

வெலிங்டோனியா. சந்தேகமே வேண்டாம். கலிஃபோர்னியாவின் ராட்சத செகோயாவுக்கு இங்கிலாந்தில் இதுதான் பேச்சுவழக்குப் பெயர்.

அந்தப் பக்கம் நான் அதிகம் போவதில்லை. ரெடிங்கிலிருந்து தெற்கே பேசிங்ஸ்டோக் வரை ஏ33இல் தினமும் போய் வருகிறவன். ஆனால் படமே போதும். மற்ற மரங்கள் எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்க, ஒன்று மட்டும் கரும்பச்சைக் கூம்பாக மேலே கிளம்பினால் இங்கிலாந்தில் பெரும்பாலும் அதுதான். இலையெல்லாம் உதிர்ந்த நவம்பரிலிருந்து மார்ச் வரை சீசன். கோடையில் ஓக் மரங்கள் பாதியை மறைத்துவிடும்.

13 நவம்பர் 2023

நேற்று அவசரத்தில் எழுதினேன். இந்த மரம் தேடும் பழக்கம் எனக்கு எப்படித் தொற்றியது என்று கேட்டிருக்கிறீர்கள்.

2021இல் மகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடும் வழியில் ஒரு தேவாலயத்துப் பின்னால் ஒன்று நின்றது. "அப்பா, அந்த மரம் ஏன் தனியா நிக்குது?" என்று அவள்தான் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் பெயரைக் கண்டுபிடித்தேன். அடுத்த வாரம் அதே வழியில் இன்னும் மூன்று. இரண்டு வருடமாகப் போன மரங்கள்தான், கண்ணுக்குப் படாமலேயே இருந்திருக்கின்றன. பெயர் தெரிந்த பிறகுதான் தெரிய ஆரம்பித்தன.

அப்போது முதல் எண்ணிக்கை. முதலில் பார்ப்பவர் "வெலி!" என்று கத்த வேண்டும். சின்ன நோட்டு ஒன்று காரின் கையுறைப் பெட்டியில் இருக்கிறது. இன்றைக்கு 214.

ஒரே கண்டிப்பான விதி: ஓட்டுகிறவர் தேடக் கூடாது. இதை மீறியதற்கான தண்டனை எனக்கு ஒருமுறை கிடைத்தது. ரவுண்டானாவில் நான் மேலே பார்த்துக்கொண்டிருக்க, முன்னால் நின்ற வேன் நின்றபடியே இருந்தது. யாருக்கும் அடியில்லை. பம்பருக்கும் என் மானத்துக்கும் மட்டும்.

19 நவம்பர் 2023

"கலிஃபோர்னியா மரம் இங்கே எப்படி?" என்பது அடுத்த கேள்வி. இதற்கு நீளமாகத்தான் எழுத வேண்டும்.

வில்லியம் லாப் என்று ஒரு செடி வேட்டைக்காரர். எக்ஸிட்டர் நகரின் வீட்ச் நாற்றுப்பண்ணை அவருக்குச் சம்பளம் கொடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பியிருந்தது. 1853இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் இருந்தபோது, சியரா நெவாடா மலைச்சரிவில் கலவேராஸ் என்ற இடத்தில் கண்டுபிடித்த ராட்சத மரங்களைப் பற்றிக் காதில் விழுந்தது. நேரே அங்கே போனார். விதை, காய், கிளை, இரண்டு உயிருள்ள கன்றுகள், எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு கப்பல் ஏறிவிட்டார். கொடுத்த வேலை முடியும்வரைகூட காத்திருக்கவில்லை. டிசம்பர் நடுவில் இங்கிலாந்து வந்து சேர்ந்தார். டிசம்பர் 24ஆம் தேதி 'கார்டனர்ஸ் கிரானிக்கிள்' பத்திரிகையில் ஜான் லிண்ட்லி என்ற தாவரவியலாளர் 'வெலிங்டோனியா' என்று பெயர் சூட்டிவிட்டார். வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற தளபதி வெலிங்டன் பிரபு இறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. சமகாலத்தவர்களுக்கு மேலே அவர் நின்ற மாதிரி, காட்டுக்கு மேலே இந்த மரம் நிற்கிறதாம்.

அமெரிக்கர்களுக்குக் கோபம் வராமல் இருக்குமா? எங்கள் மரத்துக்கு உங்கள் தளபதியின் பெயரா என்று 'வாஷிங்டோனியா' என வைக்கப் பார்த்தார்கள். இரண்டுமே நிற்கவில்லை. வெலிங்டோனியா என்ற பெயர் ஏற்கெனவே வேறொரு செடிக்குப் போயிருந்தது, ஆகவே விதிப்படி செல்லாது. இன்றைய அறிவியல் பெயரான செகோயாடெண்ட்ரான் 1939இல்தான் வந்தது. வாஷிங்டோனியா என்று இன்று சொன்னால் அது ஒரு விசிறிப் பனை. ஆனாலும் இங்கே தோட்டக்காரரைக் கேட்டுப் பாருங்கள், வெலிங்டோனியாதான்.

1854இல் வீட்ச் பண்ணை கன்று ஒன்றை இரண்டு கினிக்கு விற்றது. அன்றைக்கு அது சாதாரணக் காசு இல்லை. ஆகவே வாங்கியவர்கள் பிரபுக்கள், ஆலை முதலாளிகள், பெரிய பாதிரிமார்கள். மாளிகை வாசலில், வண்டிப்பாதையின் இரு பக்கமும், பார்க்கிறவர்கள் கண்ணில் படும்படியாக நட்டார்கள். எனக்கு இது ஊர் ஞாபகத்தைக் கிளப்பும். ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது ஸ்ரீவில்லிபுத்தூர் ஊர் தெரிவதற்கு முன்னால் கோபுரம் தெரிந்துவிடும். இங்கே வெலிங்டோனியாவின் தலை தெரிந்தால், அடியில் ஒரு பெரிய வீடு இருக்கிறது என்று அர்த்தம்.

20 நவம்பர் 2023

திருத்தம். லாப்தான் முதலில் கொண்டுவந்தார் என்கிற தொனியில் எழுதிவிட்டேன். இல்லை. அவருக்கு நான்கு மாதம் முன்னால், 1853 ஆகஸ்டிலேயே, ஜான் மேத்யூ என்பவர் அனுப்பிய விதைகள் ஸ்காட்லாந்தில் அவருடைய அப்பா பேட்ரிக் மேத்யூவின் கைக்கு வந்துவிட்டன. பெர்த்ஷயரில் அவர் வளர்த்துக் கொடுத்த மரங்கள் இன்றும் நிற்கின்றன. பெயரும் புகழும் வீட்ச் பண்ணைக்குப் போயின, அவர்களிடம் விளம்பரம் இருந்தது.

இந்த அப்பா லேசுப்பட்ட ஆள் இல்லை. கப்பல் கட்டும் மரங்களைப் பற்றி 1831இல் எழுதிய புத்தகத்தின் பிற்சேர்க்கையில் இயற்கைத் தேர்வுக் கருத்தைப் போகிற போக்கில் எழுதி வைத்தவர். டார்வின் புத்தகம் வந்த பிறகு 1860இல் "இதை நான் அப்போதே சொன்னேனே" என்று பத்திரிகைக்குக் கடிதம் போட்டார், டார்வினும் ஆமாம் என்று ஒப்புக்கொண்டார். எந்தப் பத்திரிகை? அதே கார்டனர்ஸ் கிரானிக்கிள். இரண்டு விஷயத்தில் முந்தியும் இரண்டிலும் பெயர் வாங்காத மனுஷன். மரக் கணக்கில் இருந்து எங்கேயோ போய்விட்டேன், சரி.

3 டிசம்பர் 2023

எண்ணிக்கை 214 இல்லை, 181.

அவமானம்தான், இருந்தாலும் எழுதுகிறேன். சனிக்கிழமை மழை இல்லாமல் இருந்ததால், நோட்டில் இருந்த பழைய மரங்களில் சிலவற்றின் அடிக்கே போய்ப் பார்த்தோம். முதல் மரமே லாசன் சைப்ரஸ். இரண்டாவது சரி. மூன்றாவதும் நான்காவதும் ஒரு வீட்டுக்காரர் வெட்டாமல் விட்ட லேலண்ட் சைப்ரஸ் வேலி. அதற்குப் பிறகு மனைவி, "என்னங்க, எல்லாத்தையும் திரும்பப் பாக்கணுமா?" என்று கேட்ட குரலில் வாரக்கடைசி முழுதும் போகப்போகிறது என்ற பயம் இருந்தது. சந்தேகமாக இருந்த எல்லாவற்றையும் அடித்துவிட்டேன்.

ஓட்டத்தில் பார்த்துச் சொல்ல நான் இப்போது வைத்திருக்கும் அடையாளங்கள்: கூம்பு என்பது மட்டும் போதாது. உச்சி ஊசியாக இருக்காது, கொஞ்சம் மழுங்கியிருக்கும். வயதான மரமென்றால் உச்சியே காய்ந்தோ உடைந்தோ இருக்கும், ஊரிலேயே உயரம் என்பதால் இடி தேடி வந்து விழும். கீழ்க்கிளைகள் யானைத் தும்பிக்கை மாதிரி தாழ்ந்து இறங்கி நுனியில் மேலே வளையும். இடைவெளியில் தண்டு தெரிந்தால் செம்மண் நிறம், அடி மணி மாதிரி விரிந்திருக்கும். மெலிந்து ஊதுபத்தி போல நெட்டுக்குத்தாக நின்றால் அது இன்சென்ஸ் சீடார், பென்சில் செய்யும் மரம். குளிர்காலத்தில் மொட்டையாக நிற்கும் செந்நிறக் கூம்பு டான் ரெட்வுட், சீனாவில் 1940களில் உயிரோடு கண்டுபிடித்தது. கடற்கரை ரெட்வுட் என்கிற ஒன்றுவிட்ட அண்ணன் கொஞ்சம் கலைந்த தலையோடு நிற்பார், இலை தட்டையாக இருக்கும்.

கிட்டே போனால் குழப்பமே இல்லை. வெலிங்டோனியாவின் கிளை, முள் வைத்த பச்சைக் கயிறு. கசக்கினால் சோம்பு வாசம்.

4 டிசம்பர் 2023

முதல் கேள்வியின் படத்தைப் பற்றி ஒருவர், "கிளைகள் எல்லாம் ஒரே நீளமாக இருக்கின்றன, ஏதோ இடிக்கிறது" என்று எழுதியிருக்கிறார். 80 மைல் வேகத்தில் எடுத்த படத்தில் எல்லாம்தான் இடிக்கும். வெலிங்டோனியாதான்.

(80 என்று எழுதியிருக்கக் கூடாது. 70. கேள்வி கேட்டவர் சட்டத்தை மதிப்பவர்.)

27 டிசம்பர் 2023

விடுமுறையில் ஃபின்சாம்ப்ஸ்டெட் போனோம். ரெடிங்கிலிருந்து அரைமணி நேரத்துக்குள் வந்துவிடும். க்ரோதோர்ன் பக்கம் பி3348 சாலையில் இரு பக்கமும் நூற்றுக்கும் மேற்பட்ட வெலிங்டோனியாக்கள், கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டருக்கு. 'தி டைம்ஸ்' பத்திரிகையின் முதலாளி ஜான் வால்டர் 1860களில் வெலிங்டன் நினைவாக நட்டது. அன்றைக்குக் குதிரை வண்டிக்கு வெட்டிய பாதை, இன்றைக்கு மரங்கள் பருத்துப் பருத்துத் தாரின் ஓரத்துக்கே வந்து நிற்கின்றன. எதிரே லாரி வந்தால் நாம் மரத்தைப் பார்க்க முடியாது, மரம்தான் நம்மைப் பார்க்கும்.

காரில் சண்டை. இது எத்தனை 'வெலி'? மகள் நூறு என்றாள், அவள்தான் முதலில் கத்தியவள். அவளை நூறு புள்ளி முந்தவிட எனக்கு மனசில்லை. கடைசியில் மனைவி தீர்ப்பு சொன்னாள்: ஒரே ஆள் ஒரே சமயத்தில் நட்டது ஒன்று. எண்ணிக்கை 182.

இறங்கி நடந்தோம். பட்டையை நீங்கள் தொட்டுப் பார்க்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போகிறது. தேங்காய் நாரை அடுக்கடுக்காக வைத்துத் தைத்த மெத்தை மாதிரி. கை முட்டியால் குத்தினேன், வலிக்கவில்லை. குளிர் நாளில்கூட ஜில்லென்று இல்லை. கலிஃபோர்னியாவில் பெரிய மரங்களுக்கு இந்தப் பட்டை 60 சென்டிமீட்டர் வரை தடிக்குமாம். காட்டுத்தீயிலிருந்து மரம் தப்புவதற்கான போர்வை அது.

மகள் ஒரு மரத்தில், என் தோள் உயரத்தில், கோழிமுட்டையைப் பாதியாக அழுத்தி எடுத்த மாதிரி ஒரு குழியைக் காட்டினாள். கீழே வெள்ளையாக எச்சக் கோடு. ட்ரீகிரீப்பர் என்னும் சின்னப் பழுப்புக் குருவியின் படுக்கை அது. குளிர்கால ராத்திரியில் செங்குத்தாக அதில் ஒட்டிக்கொண்டு தூங்கும், முதுகு பட்டையோடு பட்டையாகச் சமமாக இருக்கும். 1853க்கு முன்னால் இந்த நாட்டுக் குருவிகளுக்கு இப்படி ஒரு மெத்தை கிடையாது. அப்புறம் பழகிக்கொண்டன. திரும்பும்போது இன்னும் ஒன்பது குழி எண்ணினோம். என் நோட்டில் இப்போது அதற்கும் ஒரு பக்கம்.

வெலிங்டன் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நம்மூர்ப் பாடப் புத்தகத்தில் வரும் ஆர்தர் வெல்லஸ்லி இவர்தான். 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் இருந்தவர், பிறகு அந்த ஊருக்கே ஆளுநரானவர். வாட்டர்லூ எல்லாம் அதற்குப் பதினாறு வருடம் கழித்து. அவருடைய ஸ்ட்ராட்ஃபீல்ட் சே மாளிகை நான் தினமும் போகும் ஏ33 பக்கத்தில்தான் இருக்கிறது. காலை டிராஃபிக்கில் நிற்கும்போது, திப்புவை வென்ற படையில் இருந்த மனிதரின் பெயரை ஒரு அமெரிக்க மரத்துக்கு வைத்து அதை நான் ஏன் எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று சில நாள் தோன்றும். சிக்னல் விழுந்ததும் மறந்துவிடும்.

14 ஜனவரி 2024

நவம்பரில் "அடியில் ஒரு பெரிய வீடு இருக்கிறது என்று அர்த்தம்" என்று எழுதினேன். பாதிதான் சரி.

பேசிங்ஸ்டோக்குக்கு இந்தப் பக்கம் ஒரு கிராமத்தில், 1970களில் கட்டிய மாதிரி இருக்கும் செங்கல் வீடுகள் நடுவே இரண்டு வெலிங்டோனியாக்கள், ஒன்றுக்கொன்று முப்பது அடி தள்ளி. ஒன்றின் அடியில் குப்பைத்தொட்டிகள், இன்னொன்றின் வேர் நடைபாதையைத் தூக்கிவிட்டிருக்கிறது. எந்த மாளிகையும் இல்லை. சுற்றிச் சுற்றி வந்தேன். நாயோடு நடந்து வந்த ஒரு வயதான அம்மா, நான் ஏதோ வீடு விலைக்குப் பார்க்கிறேன் என்று நினைத்துப் பேச்சுக் கொடுத்தார். மரத்தைக் காட்டினேன். அவர் திரும்பி, எங்களுக்கு முன்னால் இருந்த தெருவைக் கையால் கோடு போட்டுக் காட்டினார்: வாசல் இங்கே, வண்டிப்பாதை இப்படி வளைந்து போகும், வீடு அதோ அந்தப் பச்சைக் கதவு இருக்கும் இடத்தில். போருக்குப் பிறகு பராமரிக்க முடியாமல் இடித்துவிட்டார்களாம். சின்ன வயதில் அந்த வீட்டின் காலி அறைகளில் ஒளிந்து விளையாடியவர்.

20ஆம் நூற்றாண்டில் இந்த நாட்டில் நூற்றுக்கணக்கான கிராமத்து மாளிகைகள் இப்படிப் போயிருக்கின்றன. வாரிசு வரி, போரில் மாண்ட மகன்கள், ஒழுகும் கூரை. வீட்டை இடித்தவர்கள் மரத்தை விட்டுவிட்டார்கள், வெட்டுவதற்கு ஆகும் செலவை யார் கொடுப்பது. மரத்தை விற்கவும் முடியாது, செகோயா விழும்போதே துண்டு துண்டாக நொறுங்கும்.

அதற்குப் பிறகு நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது. இரண்டு மரம் ஜோடியாக நின்றால் நடுவே வாசல் இருந்திருக்கும். வரிசையாக நின்றால் வண்டிப்பாதை. தனியாக ஒன்று என்றால் புல்வெளி. கல்லறைத் தோட்டத்திலும் பழைய மனநல மருத்துவமனை வளாகங்களிலும் நிற்பவை வேறு கணக்கு. வீட்டில் உட்கார்ந்து செயற்கைக்கோள் வரைபடத்தில் தேடவும் ஆரம்பித்திருக்கிறேன். மேலிருந்து பார்த்தால் மரம் ஒரு கரும்புள்ளிதான், ஆனால் நிழல் நீளமான கூம்பாக வயல் மேல் விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். இதை 'வெலி' கணக்கில் சேர்க்கக் கூடாது என்று மகள் சொல்லிவிட்டாள். சரிதான்.

15 மார்ச் 2024

செய்தி பார்த்தீர்களா! பிரிட்டனில் ஐந்து லட்சம் செகோயா! கலிஃபோர்னியாவில் 80,000தான்! நம் மரங்கள் ஜெயித்துவிட்டன!

16 மார்ச் 2024

நேற்று ஆச்சரியக்குறி அதிகமாகிவிட்டது. செய்தித் தலைப்பை விட்டு, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிக்காரர்களும் லண்டன் கியூ தாவரவியல் பூங்காக்காரர்களும் சேர்ந்து எழுதிய ஆய்வையே படித்தேன். ஐந்து லட்சம் என்பது மதிப்பீடு, அதில் கடற்கரை ரெட்வுட்டும் சேர்த்தி, இளம் மரங்களும் சேர்த்தி. 80,000 என்பது கலிஃபோர்னியாவின் முதிர்ந்த ராட்சத மரங்கள் மட்டும். என் மகளையும் அவள் வகுப்புப் பிள்ளைகளையும் ஒரு பக்கம் நிறுத்தி, இன்னொரு பக்கம் ஊர்க் கிழவர்களை மட்டும் நிறுத்தி எண்ணிக்கை பார்த்த கதை.

ஆனால் ஆய்வு ருசியானது. மூன்று இடங்களில் லேசர் வைத்து மரத்தை அளந்திருக்கிறார்கள்: ஸ்காட்லாந்தின் பென்மோர், சசெக்ஸின் வேக்ஹர்ஸ்ட், லண்டன் ஓரத்து ஹேவரிங் பூங்கா. உயரமானது 54.87 மீட்டர், சுமார் 180 அடி. ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் 192 அடி என்று சொல்வார்கள். 160 வயசுப் பையன் அதன் தோளுக்கு வந்துவிட்டான். கலிஃபோர்னியாவின் ஜெனரல் ஷெர்மன் மரம் 275 அடி, வயசு இரண்டாயிரத்துக்கு மேல். நம்முடையவை இன்னும் பால்குடி.

பென்மோர் பார்க்க வேண்டும். 1863இல் நட்டவற்றில் 49 இன்றும் வரிசை கலையாமல் நிற்கின்றன. கார், படகு, மறுபடி கார். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

7 ஏப்ரல் 2024

நியூ ஃபாரஸ்ட். எம்3, எம்27, லிண்ட்ஹர்ஸ்ட், அங்கிருந்து ஏ35. இடது பக்கம் ரைன்ஃபீல்ட் திருப்பம். தூரத்தில் ஒரு உச்சியைப் பார்த்து நான் "வெலி!" என்று கத்தியதில் திருப்பம் போய்விட்டது. ஓட்டுகிறவர் தேடக் கூடாது என்ற விதியை எழுதியவன் நான்தான் என்பதை மகள் அடுத்த நாலு மைலுக்கும் நினைவூட்டிக்கொண்டே வந்தாள். வண்டியைத் திருப்பலாம் என்றால் நடுரோட்டில் குதிரைக்குட்டி.

போய்ச் சேர்ந்தோம். 1859இல் ஒரு வேட்டை மாளிகைக்கான பாதையில் நட்ட மரங்கள், அதில் 50 மீட்டரைத் தாண்டிய இரண்டு வெலிங்டோனியா. பிரமாதம். ஆனால் எனக்கு ஏனோ ஏமாற்றமாக இருந்தது. பெயர்ப்பலகை, கார் நிறுத்துமிடம், கழிப்பறை, அம்புக்குறி. எல்லாரும் ஒரே இடத்தில் நின்று ஒரே படம் எடுக்கிறார்கள். குப்பைத்தொட்டிக்கு நடுவே நின்ற அந்த ஜோடிதான் எனக்கு உசத்தி. இங்கே 'வெலி' சொன்னால் செல்லாது என்று நானே அறிவித்துவிட்டேன், பலகை வைத்த மரத்தைக் கண்டுபிடிப்பதில் என்ன இருக்கிறது.

காற்றில் ஒடிந்த சின்னக் கிளை ஒன்று கீழே கிடந்தது. பச்சைக் காய்கள் மூன்று, சின்னக் கோழிமுட்டை அளவு, கல் மாதிரி கனம். எடுத்து வந்து சமையலறை ரேடியேட்டர் மேல் வைத்திருக்கிறேன்.

26 மே 2024

காய் விஷயம். ஒரு வாரத்தில் செதில்கள் வாய் திறந்து, ரேடியேட்டர் பின்னால் எல்லாம் ஓட்ஸ் கொட்டின மாதிரி விதை. இரண்டு பக்கமும் இறக்கை, நடுவில் ஒரு கோடு, ஊதினால் பறக்கிறது. இவ்வளவு பெரிய மரத்துக்கு இவ்வளவு அற்ப விதையா என்று நம்ப முடியவில்லை. சொந்த ஊரில் இந்தக் காய்கள் இருபது வருடம்கூட மூடியபடியே மரத்தில் தொங்கும், தீயின் சூடு மேலே வந்தால் திறந்து, சாம்பல் மண்ணில் கொட்டும். எங்கள் வீட்டில் தீயின் வேலையை எரிவாயு பாய்லர் செய்திருக்கிறது.

மூன்று வாரம் குளிர்சாதனப் பெட்டியில், இட்லி மாவுக்குப் பின்னால், ஈரத்தாளில் சுற்றி வைத்தேன். நாற்பது விதை போட்டதில் ஐந்து முளைத்திருக்கின்றன. கொத்தமல்லி என்று நினைத்து மனைவி தண்ணீர் ஊற்றினாள். விஷயம் தெரிந்ததும், "நம்ம தோட்டம் பதினெட்டு அடி அகலம், அதை எங்க வைப்பீங்க?" என்று கேட்டாள். இன்னும் பதில் இல்லை.

4 ஆகஸ்ட் 2024

ஒன்றுதான் மிச்சம். மற்றவை அடித்தண்டு கறுத்துச் சாய்ந்துவிட்டன, தண்ணீர் அதிகம். சுண்டுவிரல் நீளம்.

இந்த இழையில் நான் ஜாலியாக எழுதிக்கொண்டிருக்கிறேன், ஆனால் லாப் விதை பொறுக்கிய அதே 1853இல் அதே கலவேராஸ் தோப்பில் என்ன நடந்தது என்று படித்த பிறகு ஒரு வாரம் எழுதத் தோன்றவில்லை. முதலில் கண்டுபிடித்த மரத்தை, காட்சிப் பொருளாக்க, ஐந்து பேர் 22 நாள் துளைபோட்டு வீழ்த்தினார்கள். அடிக்கட்டையை இழைத்து நடன மேடை ஆக்கினார்கள். அடுத்த வருடம் 'காட்டின் தாய்' என்ற மரத்தை உயிரோடு நிற்க வைத்து 116 அடி உயரத்துக்குப் பட்டையை உரித்தார்கள். அந்தப் பட்டை கப்பலேறி லண்டனுக்கு வந்தது, சிடன்ஹாமின் கிரிஸ்டல் பேலஸில் மறுபடி மரம் மாதிரி நிற்க வைத்துக் காசு வாங்கிக் காட்டினார்கள். 1866 டிசம்பரில் அங்கே நடந்த தீ விபத்தில் எரிந்தது. காட்டில் எத்தனையோ தீயைத் தாங்கிய பட்டை, லண்டனில் எரிந்தது. உரித்த மரமும் பிழைக்கவில்லை.

இன்றைய தீ வேறு மாதிரி. 2020, 2021 இரண்டு வருட நெருப்பில் மட்டும், உலகில் இருந்த பெரிய செகோயாக்களில் 13 முதல் 19 சதவீதம் போய்விட்டது என்கிறார்கள். 60 சென்டிமீட்டர் போர்வையும் போதவில்லை.

5 ஆகஸ்ட் 2024

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு மகள், "அப்பா, அப்ப இங்க இருக்கிறது பேக்கப்பா?" என்றாள். பேக்கப் என்று நினைத்து யாரும் நடவில்லை, பக்கத்து எஸ்டேட்காரரைவிட உசத்தியாகத் தெரியத்தான் நட்டார்கள். அதை அவளிடம் சொன்னேன். "இருந்தாலும்" என்றாள்.

10 நவம்பர் 2024

முதல் கேள்விக்கு வருகிறேன். கிட்டத்தட்ட ஒரு வருடம்.

நேற்று ஸ்விண்டனில் நண்பர் வீட்டு விசேஷம். போகும்போது எம்4இல் மகள் முன் சீட்டில் இருந்தாள். இடது பக்கம், தோப்புக்கு மேலே, கூம்பு. "வெலி!" என்று கத்தினாள், பிறகு அவளே, "இல்ல..." என்று இழுத்தாள். நான் பார்க்கவில்லை, சத்தியமாக ரோட்டைத்தான் பார்த்தேன்.

திரும்பும்போது அடுத்த சந்திப்பில் இறங்கி, கிராமத்துப் பாதையில் சுற்றி, ஒரு வயல் ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுச் சேற்றில் நடந்தோம். தோப்புக்குள் போனதும் ஒரு ரீங்காரம் கேட்டது. முதலில் வந்தது கம்பி வேலி. அப்புறம் பச்சை வண்ணம் அடித்த இரும்புப் பெட்டிகள், மஞ்சள் எச்சரிக்கைப் பலகை. நடுவே மேல் போகும் தண்டு. பட்டை மாதிரி வரி வரியாகப் பழுப்பு வண்ணம் அடித்திருக்கிறார்கள். கிளைகள் புட்டி கழுவும் பிரஷ் மாதிரி, எல்லாம் ஒரே நீளம், பிளாஸ்டிக். கிளைகளுக்குள் செவ்வகமாக ஆன்டெனாக்கள்.

செல்போன் கோபுரம்.

"ஏதோ இடிக்கிறது" என்று எழுதியவருக்கு என் வணக்கம். கேள்வி கேட்டவருக்கு: மன்னிக்கவும், சந்தேகமே வேண்டாம் என்று சொன்னவன் நான்தான். அந்த இடத்தில் சிக்னல் நன்றாக இருந்தது. படத்தை அங்கிருந்தே மனைவிக்கு அனுப்பினேன், உடனே போய்விட்டது.

எண்ணிக்கை 196. இதைச் சேர்க்கலாமா என்று மகளும் நானும் வரும் வழியெல்லாம் பேசினோம். அவள் சேர்க்கலாம் என்கிறாள்.